பூச்சி பிடித்த கும்பினியார்

சத்தியவேட்டுப் பக்கம் வேலியோரத்தில் நாகதாளி ஒன்று நின்றால், அதற்குப் பரம்பரைப் பட்டாதாரர் தோரணை வந்துவிடும். தமிழ் பேசுகிறவர் அதைச் சப்பாத்திக்கள்ளி என்பார். தெலுங்கு பேசுகிறவர் நாகஜெமுடு என்பார். இரண்டும் பேசுகிறவர், "முள்ளு குத்தும், தள்ளிப் போ" என்பார். அந்தப் பட்டாதாரரின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இதில் சத்தியவேட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1960 மார்ச் 31 ராத்திரி மெட்ராஸ் ராஜ்யத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் படுத்தவர்கள், விடிந்ததும் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் எழுந்தார்கள். 2022-ல் திருப்பதி ஜில்லாக்காரர்களும் ஆகிவிட்டார்கள். அவர்கள் நகராமலே விலாசம் மாறியது. கள்ளியோ விலாசத்தை மாற்றிக்கொண்டே உலகத்தைச் சுற்றியது. அந்தக் கதையில் ஒரு டாக்டர், ஒரு கேப்டன், ஒரு வக்கீல், கோடிக்கணக்கில் பூச்சிகள் வருகிறார்கள். இவர்களில் யார் புத்திசாலி என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

எல்லாம் கோட்டில்தான் ஆரம்பித்தது. வெள்ளைக்காரத் துரைக்குச் சிவப்புக் கோட்டு வேண்டும். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகை வேரின் சாயம் போதும். அதிகாரியின் கோட்டுக்கு மட்டும் அசல் ரத்தச் சிவப்பு, கொச்சினில் என்ற பூச்சிச் சாயம். குண்டடி பட்டுச் சாவதில்தான் அந்தப் பேதம் இல்லை. கொச்சினில் மெக்சிகோவில் கள்ளி மட்டையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு செதில் பூச்சி. பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. வாயைச் செடியில் குத்திவைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பஞ்சு போல மெழுகைப் போர்த்திக்கொண்டு, ஆயுள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சும். அந்தப் பஞ்சைச் சுரண்டி, உள்ளே இருப்பதை நகத்தால் நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பாகிவிடும். ஆண் பூச்சிக்குச் சிறகு உண்டு, வாய் கிடையாது. சாப்பிடாமலே கல்யாணத்தை முடித்துவிட்டுச் செத்துப்போகும். ஒரு பவுண்டு உலர்ந்த சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும்.

ஸ்பெயின்காரன் இந்த வியாபாரத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தான். சரக்கு மட்டும் வெளியே வரும், உயிருள்ள பூச்சி வராது. பட்டாணி போலக் காய்ந்து வந்ததைப் பார்த்து, இது விதையா பூச்சியா என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள். 1777-ல் தியேரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் வஹாகாவுக்குள் புகுந்து, மூட்டுவாத மருந்துக்கு வேண்டும் என்று சொல்லிக் கள்ளியும் பூச்சியுமாக வாங்கிக் கட்டிக்கொண்டு கம்பி நீட்டினார். தாவரவியல் சரித்திரத்தில் இதற்கு 'மாதிரி சேகரிப்பு' என்று பேர். அதையே நாம் செய்தால் செக்ஷன் போடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் தோட்டத்துக்குள் இறங்கினார். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை வைத்தியர். நோயாளிகளைப் பார்த்தது போக மிச்ச நேரத்தில் செடி, பூச்சி, கடிதம். அதிலும் கடிதம்தான் அதிகம். 1786 டிசம்பரில் மெட்ராஸ் பக்கத்தில் ஒரு புல்லில் செதில் பூச்சியைப் பார்த்தார். நசுக்கினார். சிவந்தது. உடனே லண்டனில் இருந்த தாவரவியல் அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் பறந்தது. பதில் வருவதற்குக் கப்பல் கணக்கில் மாதங்கள் ஆகும். டாக்டர் அதுவரை காத்திருக்கும் ஜாதியில்லை. மேலும் மேலும் எழுதினார், எழுதியதை 1788-ல் அச்சும் போட்டுவிட்டார். லண்டனில் சோதித்தார்கள். புல்லில் இருந்த பூச்சி சாயத்துக்கு ஆகாது என்று தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கும்பினிக்கு ஆசை பிடித்துவிட்டது. இந்தப் பூச்சி இல்லாவிட்டால் என்ன, அசல் பூச்சியையே கொண்டுவருவோம் என்றது. அதைக் கொண்டுவருகிறவருக்கு 2,000 பவுண்டு இனாம் என்றும் அறிவித்தது.

பூச்சி வருவதற்கு முன்னாலேயே அதற்குச் சாப்பாடு தயார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கள்ளிச் செடிகள் கப்பலேறின. 1789-ல் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று போடப்பட்டது, டாக்டரின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதற்கு அதிகாரி. மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் பந்தல் போட்டு, சமையற்காரரையும் அமர்த்திவிட்டார்கள். கூலி கொடுத்துக் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிய ராஜாங்கம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் அநேகமாக அது ஒன்றுதான்.

காத்திருந்த காலத்தில் டாக்டர் சும்மா இருக்கவில்லை. பட்டுப் பூச்சியைப் பிடித்தார். வங்காளத்திலிருந்து புழுக்களை வரவழைத்து, ஜில்லா ஜில்லாவாக முசுக்கட்டைச் செடியை நடச் சொன்னார். பட்டுப் பூச்சி, அந்துப்பூச்சிக் குடும்பத்துச் சோம்பேறி. மனிதன் வளர்த்து வளர்த்து, அதற்குப் பறக்கவே மறந்துபோயிற்று. தாய்ப்பூச்சி ஒருவாய் சாப்பிடாமல் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சுகள் மட்டும் ராத்திரி பகல் பாராமல் தின்னும். இலை காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று நேரம் தவறாமல் புதிதாக வரவேண்டும், அறை சுத்தமாக இருக்கவேண்டும், ஈரம் கூடினால் நோய். இந்தப் பண்டிகை வேலையைச் செங்கல்பட்டுச் சீமைச் சம்சாரியின் தலையில் வைத்தால், அவன் நெல்லை எப்போது பார்ப்பான்? 1798 வாக்கில் கும்பினி பட்டுக்குக் கும்பிடு போட்டது.

பட்டுப் புழுவைக் கொல்லும் நோய்களில் ஒன்றில், செத்த புழு சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக விறைத்துவிடும். காரணம் காற்று என்றார்கள், இலை என்றார்கள், கிரகம் என்றும் சொல்லியிருப்பார்கள். இத்தாலியில் லோடி பக்கத்தில் அகோஸ்தினோ பாஸ்ஸி என்ற வக்கீல், கண் பார்வை மங்கிக்கொண்டே வந்த நிலையிலும் 1807-லிருந்து இதைத் துருவித் துருவிப் பார்த்தார். 1835-ல் குற்றவாளியைப் பிடித்தார். புழுவின் மேல் பூக்கும் அந்த வெள்ளை மாவு ஒரு பூஞ்சை, அது ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ஒரு பிராணிக்கு வரும் நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிதான் காரணம் என்று முதன்முதல் நிரூபித்தவர்களில் அவர் முன்னவர். பாஸ்ச்சர் அப்போது பள்ளிக்கூடப் பையன். பூஞ்சைக்கு வக்கீலின் பெயரையே வைத்தார்கள்: பிவேரியா பாசியானா. பழைய சித்தூர் ஜில்லாவில் பலமனேர், குப்பம், மதனப்பள்ளிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பேர் கேட்டாலே வயிறு கலங்கும். அதே ஜில்லாவில் காய்கறி போடும் விவசாயி மருந்துக் கடையில் காசு கொடுத்து அதே பூஞ்சையைப் பொட்டலமாக வாங்கிப் போகிறார், செடியைத் தின்னும் புழுவைக் கொல்ல. ஒருத்தர் வீட்டில் எமன், இன்னொருத்தர் வயலில் காவல்காரன்.

கள்ளிக்கு வருவோம். 1795-ல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜனேரோ பக்கத்திலிருந்து பூச்சியோடு கள்ளியைக் கல்கத்தாவில் இறக்கினார். கப்பல் பயணத்தில் பிழைத்தவை சொற்பம். இருந்தாலும் பூச்சி குடும்பக் கட்டுப்பாடு அறியாதது, சீக்கிரமே கூட்டம் சேர்ந்து மெட்ராஸுக்கும் வந்துவிட்டது. ஆண்டர்சனுக்கு ஆனந்தம். ஆனால் பூச்சிக்குச் சாப்பாட்டு ருசி வேறு. அரும்பாடுபட்டு வளர்த்த சீமைக் கள்ளியை அது அவ்வளவாகச் சட்டைசெய்யவில்லை. வேலியில் முன்பே மண்டிக்கிடந்த ஊர்க் கள்ளியைக் கண்டதும் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. வேலிகள் வெள்ளைப் பஞ்சு போர்த்தி, மஞ்சளித்து, மட்டை மட்டையாகச் சாய்ந்தன.

லண்டன் ஏலத்தில் மெட்ராஸ் கொச்சினிலுக்குக் கேவலமான விலை. காரணம் எளிது. நீல்சன் கொண்டுவந்தது அசல் கொச்சினில் அல்ல, அதன் காட்டுப் பங்காளி. சாயம் குறைவு, மெழுகு அதிகம். கோட்டு சிவக்கவில்லை, கும்பினியாரின் முகம்தான் சிவந்தது. இப்படியாக ஒரு ராஜாங்கம் பெருஞ்செலவு செய்து, தன் வேலியைத் தானே தின்னும் பூச்சியை இறக்குமதி செய்தது. 1809-ல் டாக்டர் காலமானார். அவருக்குச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சிலை இருக்கிறது, செதுக்கியவர் சாண்ட்ரி. பூச்சிக்குச் சிலை கிடையாது.

ஆனால் ஆட்டத்தின் இரண்டாம் பாதி பூச்சியுடையது. முள் வேலி தானாகப் பட்டுப்போவதைப் பார்த்த யாருக்கோ மூளை வேலை செய்தது. 1860-களில் இலங்கையில் கள்ளி தொல்லை கொடுத்தபோது, தென்னிந்தியாவிலிருந்து பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். கள்ளி ஒழிந்தது. 1896-ல் அந்தப் பூச்சிக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த கிரீன், கண்ட இடத்தை வைத்து 'சிலோனிகஸ்' என்றார். பிறந்தது பிரேசில், படித்தது மெட்ராஸ், சான்றிதழில் சிலோன்.

ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் மோசம். 1788-ல் கைதிகளோடு அங்கே போய்ச் சேர்ந்த முதல் கப்பல் கூட்டமே, கோட்டுச் சாயத்துக்காக ரியோவில் கள்ளியையும் பூச்சியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது. பிறகு வேறு கள்ளி இனங்களும் சேர்ந்துகொண்டன. 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் கள்ளிக்காடு. விஞ்ஞானிகள் இருவர் 1912-லிருந்து உலகம் முழுக்கக் கள்ளி தின்னும் ஜந்துவைத் தேடி அலைந்தார்கள், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். நாம் கழித்துக்கட்டிய பூச்சியைப் பயபக்தியோடு வாங்கிப்போய், அது தின்னும் இனத்தை அங்கே ஒழித்தார்கள். மிச்ச இனங்களுக்கு 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து கேக்டோபிளாஸ்டிஸ் என்ற பழுப்பு நிற அந்துப்பூச்சி வந்தது, முட்டையாக, சுமார் 2,750. புழுக்கள் மட்டைக்குள் துளைபோட்டுப் புகும். அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைந்து அழுகவைக்கும். சில வருஷத்தில் காடு கூழாகிவிட்டது. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா ஊர்க்காரர்கள் 1936-ல் திறந்த பொதுமண்டபத்துக்கு அந்த அந்துப்பூச்சியின் பெயரையே வைத்தார்கள். டாக்டருக்கு இங்கே சிலை, பூச்சிக்கு அங்கே மண்டபம். யாருக்கு எது நியாயம் என்று கேட்காதீர்கள்.

நம் ஊரில் மிச்சமிருந்த நாகதாளி வேறு இனம். 'சிலோனிகஸ்' அதைத் தொடாது. அது தரிசு, மேய்ச்சல் நிலம் என்று தமிழ்நாட்டில் பரவிக் கிடந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு செதில் பூச்சி வந்தது, திருநெல்வேலிச் சீமையில் விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது. வெட்டியும் எரித்தும் தீராத கள்ளியை, இடம்விட்டு நகராமல் உட்கார்ந்தே தின்னும் பூச்சி தீர்த்தது.

பாடத்தை உலகம் படித்துவிட்டதா? தண்ணீரில் பாருங்கள். பிரேசில் நீர்ப்பெரணியான சால்வினியா, கேரளத்துக் குட்டநாட்டு வயலையும் காயலையும் பாய் விரித்தது போல மூடியது. ஆப்பிரிக்காவில் இதே களையை ஒழிக்கத் தென்னமெரிக்க வண்டு ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், வேலைக்காகவில்லை. ஏனென்றால் களை எந்த இனம் என்று தெரிந்ததே 1972-ல்தான். அதற்கு உரிய வண்டு, பார்ப்பதற்குப் பழையதைப் போலவே இருந்த வேறொரு இனம். அது ஆஸ்திரேலியா வழியாக இந்தியா வந்து, 1983-84-ல் பெங்களூர் லால்பாக் குளத்தில் சோதனை முடித்து, கேரளத்துக்குப் போய்த் தண்ணீரின் முகத்தைத் திரும்பக் காட்டியது. அந்த வண்டுக்குச் சரியான பெயர் வைத்தது 1985-ல். ஆக, வேலையை முடித்த பிறகுதான் அதற்குப் பெயர் பதிந்தார்கள்.

ஆண்டர்சன் மோசமான ஆளல்ல. ஆர்வம் இருந்தது, நேர்மை இருந்தது, தபால் தலை மாத்திரம் அன்று இல்லை. அவர் விட்டது ஒரே ஒரு காரியம்: வருகிற பூச்சி யார், அது எதைத் தின்னும் என்று முதலில் கேட்கவில்லை. அவர் சிவப்புக்காகக் கொண்டுவரச் சொன்னது சாயத்துக்கு உதவாமல் போனது. யாரும் கேட்காமல் அது செய்த களையெடுப்பு, உலகில் பூச்சியை வைத்துக் களையை அடக்கிய முதல் சம்பவமாகப் புத்தகத்தில் ஏறியது. ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் பணம் போட்டுக் கைசுட்டுக்கொண்ட நாடு இது. நாளைக்கு யாராவது "இந்தச் செடியை வைங்க, இந்தப் பூச்சியை வளருங்க, லட்சம் லட்சமா வரும்" என்று வாசலில் வந்து நின்றால், உட்கார வைத்து மோர் கொடுங்கள். பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள்: இதன் சரியான பேர் என்ன? இது என்ன தின்னும்? பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.