படகுக் குளிர்சாதனத்தின் நீர்ப்பம்பு: ஒரு தத்துவ விசாரம்

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகரத்துக் கால்வாய்களில் கட்டிக் கிடக்கும் உல்லாசப் படகுகளின் சொந்தக்காரர்கள், ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் அறையின் குளிர்ச்சி திடீரென்று நின்றுபோனால், முதலில் யந்திரத்தையும், அடுத்து அதை விற்றவனையும், கடைசியில் விதியையும் நிந்திக்கிறார்களேயன்றி, என்ஜின் அறை மூலையில் கிடந்து கடல்நீரை இறைத்துக் கொடுக்கும் சிறு பம்பை நினைப்பாரில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

வீட்டுக் குளிர்சாதனம் அறையின் உஷ்ணத்தை வெளிக்காற்றில் தள்ளுகிறது. படகிலுள்ளதோ அதைக் கடலுக்கே தானம் செய்கிறது. 12,000 பி.டி.யு., அதாவது ஒரு டன் குளிர்ச்சிக்கு, நிமிஷத்துக்குச் சுமார் 11 லிட்டர் நீர் ஓடவேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஓட்டம் குறைந்தால் யந்திரத்துள் சுற்றும் குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் ஏறி, யந்திரம் தற்காப்புக்காகத் தானே நின்றுவிடும்.

மோட்டார் சுற்றும் சப்தம் கேட்கிறது, படகின் பக்கத்தில் நீர் கொட்டக் காணோம், ஆகவே பம்பு மாண்டது, புதிது வாங்குக என்பது பூர்வபக்ஷம். விற்பனையாளர்கள் பெரும்பாலும் இக்கட்சியினரே. அதை நாம் மறுக்கிறோம். இவ்வகைப் பம்பு மையவிலக்கு விசையால் இயங்குவதாகையால், தன்னை வந்தடைந்த நீரைத் தள்ள வல்லதேயன்றிக் கீழிருந்து உறிஞ்ச வல்லதன்று. அதனாலேயே அதை நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்துகிறார்கள். ஹோஸ் சீராக மேல்நோக்கிச் செல்லாமல் எங்கேனும் ஏறி இறங்கினால், அம்மேட்டில் காற்று குடிபுகுந்து, பம்பினுள்ளே நீரைத் தள்ளும் சக்கரமாகிய இம்பெல்லர் வீணே சுழலும். பம்பின் வெளிவாயிலுள்ள ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, காற்று சீறி வெளியேறி நீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிட்டால், மாண்டதாகச் சொல்லப்பட்ட பம்பு பிழைத்தெழும். இதற்குக் கூலி வாங்குவோரும் உளர்.

காற்று நிரபராதியானால் வடிகட்டியைச் சோதிக்கவேண்டும். கடற்புல், ஜெல்லிமீன், பிளாஸ்டிக் பை ஆகிய மூன்றும் அங்கே சமரசமாக வாசம் செய்யும். இவற்றினும் பொல்லாதது, குழாய்ச் சுவரில் கல்லாய் ஒட்டிக்கொண்டு வளரும் பார்னக்கிள். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான இந்த ஜந்துவைச் சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் ஆராய்ந்தார். எனினும், அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் காரியர் தம் முதல் குளிர்சாதனத்தை வடிவமைத்தது 1902-இல் ஆகையால், குழாயடைப்புப் பற்றிய அத்தியாயம் டார்வின் நூலில் இல்லாமற்போனது மன்னிக்கத்தக்கதே. குழாய்களுக்குள் மிதமான அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு உப்புப் படிவையும் சிறு ஜந்துக்களையும் கரைப்பது பிற்காலத்தார் கண்ட பரிகாரம்.

இவ்வளவும் செய்தபின்பும் நீர் வராவிடில், நீரின்றி ஓடி பேரிங் தேய்ந்ததென்று கொண்டு, அப்பொழுது புதுப் பம்பு வாங்கலாம்.

வாசகர்க்கு ஒரு விண்ணப்பம்: வடிகட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, படகின் அடியிலுள்ள கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள்; மறந்தால் ஆராய்ச்சிக்குப் படகு இராது.