வந்த படகின் பெயரை மறத்தல்: ராஸ் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பேரரசுகள் ஏன் வீழ்ந்தன என்று ஆராய்ந்தோர் பலர். வீழ்ந்த பேரரசைச் சுற்றிப் பார்த்தவர்கள் படகுத்துறையில் ஏன் திருதிருவென விழிக்கிறார்கள் என்று ஆராய்ந்தோர் இலர். அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

ஆய்வுக்களம்

போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) எதிரே, கூப்பிடு தூரத்தில் இருப்பது ராஸ் தீவு (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). 1858-ல் அந்தமானில் கைதிகளைக் குடியேற்றிய ஆங்கிலேயர், இத்தீவைத் தலைமையிடமாக்கினர். கைதிகள் காடு வெட்டினார்கள், துரைமார் நடனமாடினார்கள். தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், அச்சகம், பேக்கரி, டென்னிஸ் திடல் என ஒன்றும் குறைவில்லை. 1941 ஜூன் 26-ல் நிலநடுக்கம். அடுத்த மார்ச்சில் ஜப்பானியர். இன்று சுவர்களை ஆலமர இனத்து வேர்களும் தெருக்களைப் புள்ளிமான்களும் ஆள்கின்றன.

கருதுகோள்

ஊர்ப்பெயரும் தீவுப்பெயரும் மாறிய இடத்தில், பயணி மறக்கக்கூடாத பெயர் ஒன்றே: வந்த படகின் பெயர். ஏனெனில் அதே படகில்தான் திரும்ப வேண்டும்.

தரவுகள்

அ) வேர் பின்னிய சுவரருகே கேட்ட உரையாடல்:

"சர்ச்சு பாத்தாச்சு, வா போலாம்."

"அது பேக்கரிங்க. போர்டு இருக்கு பாருங்க."

"ரெண்டுக்குமே கூரை இல்ல. எனக்கெப்படித் தெரியும்?"

"சரி, நம்ம போட்டு பேராவது தெரியுமா?"

இதன்பின் நிலவிய மௌனம் கருதுகோளை வலுவாக ஆதரிக்கிறது.

ஆ) இளநீர் குடித்து முடித்தவரின் கையிலுள்ள வழுக்கைக்கு மான் ஒன்று கழுத்தை நீட்டுகிறது. மூக்கு ஈரம், பார்வையில் கெஞ்சல் இல்லை, வரிவசூல் செய்பவரின் நிதானம். அவரும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறார். குடும்பமே படம் எடுக்கிறது. எடுத்த படங்களுள் படகு இல்லை.

மறுப்பும் விடையும்

"நிதானமாகச் சுற்றினால் பெயர் மறக்காது" என்பர் சிலர். நிதானத்துக்கு நேரமில்லை என்பது நம் விடை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமானோ ஏறத்தாழ 93 பாகையில் கிடக்கிறது. எனவே டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னைக் கணக்கில் மாலைக் காபியை எதிர்பார்ப்பவர் இருட்டில் நிற்பார்.

முடிவுரை

ஆள வந்தவர்களுக்கு இத்தீவு எண்பது ஆண்டுகளுக்கு மேல் இடம் கொடுத்தது. பார்க்க வந்தவர்களுக்குப் படகோட்டி கொடுப்பது ஓரிரு மணி நேரமே. இருந்தும், புறப்படும் நேரம் முன்கூட்டியே தெரிந்தவர்கள் பின்னவர்கள்தாம். அவ்வகையில் பேரரசைவிடப் பயணி பாக்கியசாலி. மேலாய்வு செய்ய விரும்புவோர் வரலாற்றுத் துறையை நாட வேண்டியதில்லை. படகுத்துறையை நாடினால் போதும், கடைசிப் படகு கிளம்புவதற்குள்.