போர்ச்சில் ஒரு ஜெட் ஸ்கீ: பாலைத் திணைப் பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

ஈப்போவில் கடல் இல்லை. சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு, குகைக் கோயில்கள் உண்டு, ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள் கிந்தா பள்ளத்தாக்கு நெடுக உண்டு. கடல் பார்க்க லுமுட் பக்கம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். இருந்தும் எங்கள் தாமானில் ஒரு வீட்டுப் போர்ச்சில் ஜெட் ஸ்கீ நிற்கிறது; அந்த வீட்டுக் கார் வெயிலில் காய்கிறது. இதை ஆராயப் பல்கலைக்கழகம் எதுவும் முன்வராததால், எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அடியேன் மேற்கொண்ட ஆய்வே இது.

முதலில் ஓர் ஐயத்தைக் களைய வேண்டும். நீரில் ஓடுவது கடலில்லா இடத்தில் நிற்பது பேராக்கில் நடவாததா? அன்று. 1938இல் கட்டி 1982 வரை ஈயம் வாரிய பெரும் தூர்க்கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில், கடலையே காணாமல், இன்றும் காட்சிப்பொருளாக நிற்கிறது. ஆகவே முன்மாதிரி உண்டு.

அடுத்து முன்னோர் நூல்கள். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார்சைக்கிள் பந்தயக்காரரின் யோசனையில் பிறந்தது இவ்வண்டி. 1968இல் சீ-டூ, 1973இல் கவாசாக்கி எனச் சந்தைக்கு வந்தது. அன்று முதல் மேல்நாட்டார் எழுதிய பராமரிப்பு நூல்களில் கொழுத்த அத்தியாயம் குளிர்காலத்துக்குத்தான்: குழாய்களில் நீர் உறையாமல் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகப் போகும். ஈப்போவில் உறைவது ஐஸ் கச்சாங் மட்டுமே. எனவே அவ்வத்தியாயத்தைக் கிழித்து, வண்டியில் வடியும் எண்ணெய் துடைக்கப் பயன்படுத்துவது தகும்.

அப்படியானால் நமக்குரிய இலக்கணம் எது? கடலுக்குப் பிறந்ததால் வண்டி நெய்தல் என்பர் சிலர். குன்றடியில் நிற்பதால் குறிஞ்சி என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. தனக்கென நிலமில்லாமல், குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். பாலைக்குரிய பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. நண்பகலில் தகர நிழலில், கடலைப் பிரிந்து, ஆண்டில் பெரும்பகுதி நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான திணை வேறில்லை. பராமரிப்பு என்பதே பிரிவுக்காலத்தைப் பேணுவதுதான்.

இதற்குத் தலையாய விதி, கடலாடி வந்த அன்றே உள்ளுறுப்பைக் கழுவுவது. ரப்பர் குழாயை வண்டியின் கழுவுவாயில் மாட்டி, முதலில் எஞ்சினை முடுக்கி, பிறகுதான் பைப்பைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் பைப்பை மூடி, புகைவழியில் தேங்கிய நீர் வெளியேற இரண்டு முறை முறுக்கிவிட்டு, பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் எஞ்சின், நீர். முடிவில் நீர், எஞ்சின். அணியிலக்கணத்தார் இதை எதிர்நிரல்நிறை என்பர். வரிசை பிறழ்ந்தால் குற்றம் செய்யுளோடு நிற்காது: ஓடாத எஞ்சினுக்குள் புகைவழியாகத் தண்ணீர் ஏறி, போமனிடம் நூற்றுக்கணக்கில் வெள்ளி எண்ணிக் கொடுக்க நேரும். நீரில்லாமல் எஞ்சின் சில வினாடிகளுக்கு மேல் ஓடுவதும் ஆகாது.

இவ்விதியை உரிமையாளருக்கு விளங்க வைத்தது கைநூலன்று. சுங்கை சிப்புட் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவிய அவருடைய பாட்டி. “பால் வாளிய அன்னிக்கே கழுவலன்னா மறுநாள் ஒட்டுப்பால உரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும். உப்புக்கும் அதான்டா கணக்கு,” என்றார். இதற்குமேல் உரை தேவையில்லை.

ரப்பரைப் பற்றி இடைக்குறிப்பு ஒன்று. 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவின. ஆனால் இவ்வண்டியின் பெட்ரோல் குழாயில் இயற்கை ரப்பர் உதவாது. பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். அங்கே செயற்கை ரப்பருக்கே வேலை. மரம் தந்த ரப்பர் கலந்திருப்பது டிரெய்லரின் டயரில். இது பின்னால் பயன்படும்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். வீடு சேர்ந்ததும் அடிப்பக்க வடிகால் மூடிகளைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் உள்நீர் வடியும். மூடியையும் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துவிடுவது நன்று. மூடியைச் சாமி மாடத்தில் மறந்துவிட்டு லுமுட் வரை போனவர்கள் உண்டு. பேட்டரியைச் சும்மா விட்டால் செத்துவிடும். மெதுவாக ஏற்றும் சார்ஜரில் போட வேண்டும். துளை கண்ட இடத்தில் மண்குளவி வீடு கட்டும். சாமான் பெட்டியில் புந்தோங் கச்சாங் பூத்தே சிந்திக் கிடந்தால் எலி குடியேறி, தொட்டுக்கொள்ள வயரைக் கடிக்கும். 80 கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய டிரெய்லர் பேரிங்கை உடனே கடலில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிவிடும். ஆகவே துறையில் ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம் காத்திருப்பது சோம்பலன்று, பொறியியல்.

இனி இத்துறையின் தீராச் சிக்கல்: ஆயுத பூஜையில் எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது? சக்கரமில்லாத வண்டிக்குச் சக்கரத்தடியில் என்பது வெற்றுரை. டிரெய்லர் டயரடியில் என்பது முதல் கட்சி. அது டிரெய்லருக்குச் செய்த பூஜை, வண்டி வெறும் பயணியே என்பது மறுப்பு. நீர் உறிஞ்சும் அடிவாயில் வைக்கலாம் என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். கம்பித் தட்டியைத் தாண்டும் எதுவும் உள்ளே சுழலும் விசிறிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் போய்ச் சிக்கும். பழத்தின் கொட்டையும் பக்தி பார்க்காது. எனவே அக்கட்சி தள்ளப்பட்டது. முடிந்த முடிபு: பழம் டயருக்கு, ஏனெனில் தோட்டத்தோடு உறவுள்ள ரப்பர் அங்கேதான் இருக்கிறது, குங்குமம் வண்டியின் மூக்குக்கு.

ஒன்றே எஞ்சியது. பெட்ரோல் ஆவி வண்டியின் வயிற்றில் தங்கும் இயல்புடையது. இருக்கையைத் தூக்கிக் காற்றாட விட்ட பிறகே எஞ்சினைத் தொட வேண்டும். அருகே நெருப்பு எதுவும் ஆகாது. இதை நான் விளக்கி முடித்தபோது பாட்டி தட்டோடு நின்றிருந்தார்.

“அப்ப சூடம் எங்க காட்டுறது, தம்பி?”

“கேட்டுக்கு வெளிய, பாட்டி. ரோட்டத் தாண்டி.”