சேதாரம் போக

எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைக்கு ஊரே சேர்ந்து படிப்பு தேடும். தாதியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, கணக்கியல். எதுவும் வாய்க்காவிட்டால் கம்போங் ராஜாவில் கோஸ் ஏற்றும் லாரிக்குக் கணக்கெழுதலாம். உலோகக் கலையும் நகை வடிவமைப்பும் இந்தப் பட்டியலில் கிடையாது. நான் அதில் சேரப்போகிறேன் என்றதும், "தட்டாசாரி வேலைக்கு டிப்ளோமாவா?" என்றார் மாமா. "பொம்பளப் பிள்ளைய நகை போடச் சொல்லுவாங்க, செய்யச் சொல்லி எந்த ஊருல அனுப்புறாங்க?" என்றார் அத்தை. பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார்.

அந்தத் தோடு பாட்டியைவிட அதிகம் ஊர் பார்த்தது. அவர் கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே, பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம் மலையிறங்கி ஈப்போ அடகுக்கடைக்குப் போகும். தீபாவளி நெருங்கும்போது வீடு திரும்பும். இந்த முறை நகை செய்யப் படிப்பதற்காக நகை அடகுக்குப் போனது. அடகுக்கடைக்காரர்கள் காரணம் கேட்பதில்லை. நல்லவேளை.

கல்லூரியில் முதல் பருவம் முழுக்கத் தங்கம் கண்ணில் படவில்லை. எல்லாம் செம்புத் தகடுதான். நகை வாளின் அலகில் பற்கள் கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும், இழுக்கும்போதுதான் அறுக்கும். அலகுகளை டஜன் டஜனாக விற்கிறார்கள். ஏன் டஜன் என்பது முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும். தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொள்ளும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி பணியும். எஃகை அப்படிச் செய்தாலோ இன்னும் விறைக்கும். எங்கள் குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு.

பற்றவைத்த தகட்டின் கருப்பைப் போக்க, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நீர்த்த கந்தக அமிலத்தில் போடுவோம். பாட்டிக்குத் தெரிந்த ஆசாரி புளித்தண்ணீரில் போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பாராம். வெங்காரம் மட்டும் இரண்டு பட்டறைக்கும் பொது.

உள்ளே கூடான எதையும் முழுக்க மூடிப் பற்றவைக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் படித்தேன். சூட்டில் காற்று விரிந்து வெடிக்கும். ஒரு துளை விட வேண்டும். எனக்கு உடனே கண்ணகி ஞாபகம். அந்தச் சிலம்பில் கொஞ்சம் தாராளமாகத் துளை விட்டிருந்தால், பாண்டியன் எட்டிப் பார்த்தே மாணிக்கமா முத்தா என்று சொல்லியிருக்கலாம். மதுரையும் தப்பியிருக்கும்.

வரலாற்று வகுப்பு இதைவிட ருசி. 1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் கோலாலம்பூரில் வெள்ளீயக் கலவையில் பூசைச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். அதுதான் இன்றைய ராயல் சிலாங்கூர். அதே 1885இல்தான் வில்லியம் கேமரன் எங்கள் மலைப் பக்கம் அளக்க வந்தார். போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929இல். ஆக, இந்த நாட்டில் குவளை செய்யும் ஆள் முதலில் வந்துவிட்டார். தேயிலைக்குத்தான் 44 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு ஐரோப்பா. நெதர்லாந்துக்காரர் கைஸ் பாக்கர் 1967இல் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி ஓர் அலுமினியக் கழுத்தணி செய்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓட்டோ கியூன்ஸ்லி 1980இல் செய்தது கறுப்பு ரப்பர் வளையல். அதற்குள் ஒரு தங்க உருண்டை. வெளியே புடைப்பு மட்டும்தான் தெரியும். 'பொன் குருடாக்கும்' என்று பெயர். அதே வாரம் விரிவுரையாளர் தென்தமிழ்நாட்டுக் காதணியான பாம்படத்தைத் திரையில் காட்டி, "தூய வடிவியல்! நவீனச் சிற்பம்!" என்று உருகினார்.

விடுமுறைக்கு வந்தபோது ரப்பர் வளையல், பாம்படம் இரண்டின் படத்தையும் பாட்டியிடம் காட்டினேன். பாம்படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்கம்மா போட்டிருந்துச்சு. உள்ள அரக்குடி. மேலதான் பொன் தகடு. பார்க்கப் பெருசு, நிறுத்தா ஒண்ணுமில்ல. அடகுக்காரன் அரக்குக்கா காசு கொடுப்பான்?"

ரப்பர் வளையலை நெடுநேரம் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம். ரப்பரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"இவன் கெட்டிக்காரன். உள்ள பொன்ன வச்சு வெளிய ரப்பர் போட்டிருக்கான். திருடன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

"அது இல்ல பாட்டி, பொன்மேல நமக்கு இருக்கிற மோகத்தை..."

"உள்ள பொன்னுதான்னு யாரு சொன்னா? வெட்டிப் பார்த்தியா?"

அந்த வளையலைப் பற்றி வகுப்பில் ஒரு மணிநேரம் பேசியிருந்தோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கலைப்பள்ளியில் எதைக் காட்டினாலும் "கருத்து என்ன?" என்பார்கள், வாயுள்ள பிள்ளை அதற்குத் தப்பிவிடும். பாட்டியின் "916 முத்திரை எங்க?"வுக்கு முன்னால் எந்த வாயும் செல்லாது. ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மீதி செம்போ வெள்ளியோ. அந்தச் சின்ன முத்திரை கண்ணில் படாதவரை எங்கள் வீட்டில் எதுவும் நகை ஆகாது. அடகு வைக்க முடிவதும் ஓர் அழகியல்தான் என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் சுமார்.

இறுதிக் கண்காட்சிக்கு, கொழுந்து வெட்டும் கத்தரிகளின் தேய்ந்த அலகுகளைச் சேர்த்துத் தறையாணி அடித்துக் கோத்து, இடுப்புவரை தொங்கும் ஒரு மாலை செய்தேன். உழைப்பு, உடல், எடை என்று சுவரில் ஒரு பக்கம் எழுதியும் ஒட்டினேன். விரிவுரையாளர்களுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா ஓரடி பின்வாங்கி, "இதை யாரு கழுத்துல போடறது?" என்றார்.

"முனியாண்டி கழுத்துலதான், வேற யாரு?" என்றார் பாட்டி.

தேயிலைக் காட்டு ஓரத்துக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். பூசாரி கருத்து கேட்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாமிக்குச் சரியான கனம்" என்று சார்த்திவிட்டார். மலை மூடுபனியில் துரு ஏறாமலிருக்க வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தடவுகிறார். கூடப் படித்தவர்களில் சிலருடைய படைப்புகள் காட்சிக்கூடங்களில் இருக்கின்றன. அங்கே யாரும் அவற்றுக்குச் சூடம் காட்டுவதில்லை.