பென்சில் சோழர்

ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பொன்னியின் செல்வனைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். எப்படியோ எங்கள் ஊர் அண்ணாச்சியும் ஏறிவிடுவார். கதையைச் சொல்லி முடிக்கக் கல்கிக்கு 1950இல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் ஆயிற்று. இவருக்கு மடவார் விளாகம் வருவதற்குள் ஐந்து பாகமும் முடிந்துவிடும்.

"எத்தனாம் பக்கத்துல இருக்கீங்க, தம்பி?" என்பார். சொல்லிவிடாதீர்கள். "ஓகோ, அப்போ அந்தப் பொம்பளை யாருன்னு இன்னும் தெரியாது" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். அதற்குப் பிறகு பக்கம் புரட்ட மனசு வராது.

வாயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் ஆயிற்று. அந்தப் பென்சிலை என்ன செய்வது?

நான் சந்தா கட்டும் நூலகத்தில் பைண்டு பண்ணிய பழைய பிரதி ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் அவர் கையெழுத்து. மனுஷன் நூற்பு மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இழை அறுந்த இடத்தில் உடனே பிணைத்துப் பிணைத்துப் பழகிய கை, மர்மம் ஒன்று அறுந்து தொங்கினால் சும்மா இருக்குமா? ஒருவன் கும்பிட்டபடி உள்ளே வருகிறான், பக்கத்திலேயே "நம்பாதே". ஒருத்தி அழுகிறாள், "நடிப்பு". கல்கி முந்நூறு பக்கம் பொத்திப் பொத்தி வைத்த ஒரு ரகசியத்துக்கு நேரே இரண்டே வார்த்தையில் பதில். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வேறு புத்தகமே கிடைக்காத ஊர் என்றால் மன்னிக்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இலேயே பென்னிங்டன் நூலகம் வந்துவிட்டது. ஆண்டாள் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவாகப் பாட, அதைத் தமிழாக்கிச் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவரே ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜாதான். இதைச் சொல்லி, "படிச்சிருக்கீங்களா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதுல வந்தியத்தேவன் வர்றானா?"

ஒருநாள் கடுப்பில் கேட்டே விட்டேன். "நாம பாண்டிய நாட்டுக்காரங்க, அண்ணாச்சி. நீங்க தலையில தூக்கி வச்சு ஆடுற ஆதித்த கரிகாலன், 'வீரபாண்டியன் தலைகொண்ட'ன்னு பட்டம் போட்டுக்கிட்ட ஆளு. போனது நம்ம ராஜா தலை. கரிகாலனைக் கொன்னவங்க பேரு உடையார்குடிக் கல்வெட்டுல இருக்கு. அவங்க பாண்டியனுக்காகத்தான் பழி வாங்குனாங்கன்னு கதையிலயே வருது. நீங்க யாரு பக்கம்?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி சஞ்சீவி மலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

அடுத்த மாதம் முதல் பாகத்தை எடுத்தேன். பள்ளிப்படையில் சதிகாரர்கள் கூடுகிற இடத்தில் "துரோகிகள்" என்று முன்பு இருந்தது. அதை அடித்துவிட்டு, கீழே புதுப் பென்சிலில், "நம்ம ஊர்க்காரங்க".

துப்புச் சொல்லாத குறிப்புகளும் உண்டு, தேதியோடு. "1982. மில் மூடியிருக்கு. இந்த அத்தியாயம் நல்லாயிருக்கு." இன்னோர் இடத்தில், "மகள் கல்யாணம் முடிந்தது. கடன் இரண்டு லட்சம். வந்தியத்தேவனிடமும் காசு கிடையாது." மூன்றாம் பாகத்தில் ஒரே பத்திக்கு நேரே இரண்டு வரி: "அழுதேன்." அதற்கடியில், "2009. கண் ஆபரேஷனுக்குப் பிறகு. மறுபடியும்." இதைப் பார்த்த அன்று அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. டீக்கடையில் நானே காசு கொடுத்தேன்.

மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. என் பையனுக்குப் பதினாலு வயசு. 2022இல் ஊரே படத்துக்குப் போனபோது, "புத்தகம் படிச்சிட்டுத்தான் பார்ப்பேன்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டவன். இந்த வருஷம்தான் முதல் பாகத்தைக் கையில் எடுத்தான். அறுபது பக்கம் தாண்டவில்லை, ஐந்தாம் பாகம் வரைக்கும் ஓரத்திலேயே தெரிந்துகொண்டு மூடி வைத்துவிட்டான். போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருக்கிறான். அண்ணாச்சி அந்தக் கதையை ஒன்றும் தெரியாமல் முதல் தடவை படித்தார் அல்லவா? என் பிள்ளைக்கு ஏன் அது இல்லை? இதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அழிரப்பர் வாங்கியாயிற்று. முதல் மூன்று பாகங்களையும் சுத்தம் பண்ணிவிட்டேன். மில், கடன், அழுகை, "நம்ம ஊர்க்காரங்க", இவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நான்காம், ஐந்தாம் பாகங்களை எடுத்துப் போயிருப்பவர் சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.