இருநூத்தி மூணு வேணுமாம் மாப்பிள்ளைக்கு

மலைச் சைக்கிளுக்கு 203 மில்லிமீட்டர் டிஸ்க் போடலாமான்னு எங்கிட்ட வந்து ரோசனை கேட்டயே மாப்ள, அதுக்கே உனக்கொரு காப்பித்தண்ணி வெச்சுக் குடுக்கோணும். உங்கய்யனெல்லாம் எதையும் வாங்கிப்போட்டு வந்துதான், "எப்படி மச்சா இருக்குது"ன்னு கேப்பாரு. சரி, ஏன் 203ன்னு நான் திருப்பிக் கேட்டா, "போட்டோவுல கெத்தா இருக்கும் மாமா"ங்கற. நாம இப்ப பிரேக்குக்குத் தகடு பாக்கறமா, இல்ல உனக்குப் பொண்ணு பாக்கறமா?

உன்ற எடை எத்தன? 55 கிலோ. அதுலயும் செல்லு, பவர் பேங்க்கு, கையில கட்டியிருக்கற அந்தக் கடியாரம் எல்லாத்தையும் கழட்டி வெச்சா 53தான் தேறும். சைக்கிளு ஒரு 14 கிலோ. இத்தனையையும் புடிச்சு நிறுத்தறதுக்கா உனக்கு 203? மூட்டை ஏத்தீட்டுப் போறவனாட்டப் பேசறயே.

கேட்டுக்க. கடையில 140, 160, 180, 203ன்னு தகடு கெடைக்கும். சிமானோக்காரன் 203ன்னு போடற எடத்துல ஸ்ராம்காரன் 200ன்னு போடுவான், அதுக்கு மேல 220ம் வெச்சிருக்கறான். இந்த எண்ணெல்லாம் தகட்டோட விட்டம். விட்டம் கூடுனா புடி ஏன் கூடுதுன்னு தெரியோணும்னா உங்கம்மாயி திருகையில ராயி அரைக்கறதப் பாத்திருந்தாப் போதும். கைக்குச்சி ஓரத்துல நின்னா இலேசாச் சுத்தும், நடுவுக்கிட்ட நட்டா முக்கோணும். 160ல இருந்து 180க்குப் போனா அதே விரலு, அதே அழுத்தத்துக்கு எட்டுல ஒரு பங்கு கூடுதலாப் புடிக்கும். 203க்கே போனா கால் பங்குக்குச் சித்த மேல.

நல்லதுதானேங்கற. நல்லதுதான், டயரு ஒத்துக்கிட்டா. வண்டிய நிறுத்தறது தகடு இல்ல மாப்ள, மண்ணுல பதிஞ்சிருக்கற டயரு. உன்ற எடைக்கு 160 தகடே ரெண்டு விரல்ல சக்கரத்தப் பூட்டிப்போடும். 203 போட்டுக்கிட்டு சரளைக்கல்லுல லீவரத் தொட்டயின்னா, சக்கரம் நின்னுக்கும், நீ நிக்க மாட்டே. போட்டோவுல அதுவும் கெத்தாத்தான் வரும்.

ஒண்ண மட்டும் உனக்குச் சாதகமாச் சொல்றேன். நீ வாங்குனது 29 இஞ்சுச் சக்கரம். 26ஐ விட அது விட்டத்துல பத்துல ஒரு பங்கு பெருசு. சக்கரம் பெருசானா அதப் புடிச்சு நிறுத்தறதுக்கும் அந்தளவு கூடுதலாப் பாடுபடோணும். 26ல 160 செஞ்ச வேலைய 29ல செய்யறதுக்கு 180 பக்கத்துல வேணும். அதனால முன்னாடி 180 கேளு, நான் குறுக்க வரமாட்டேன்.

ஆனா பெரிய தகட்டோட உண்மையான வேலை புடி இல்ல, சூடு. இத எனக்கு எந்தச் சைக்கிள் கடைக்காரனும் சொல்லித் தரல, தொப்பூர் கணவாய் சொல்லிக் குடுத்தது. தருமபுரியில இருந்து சேலம் பாத்து எறங்கற அந்த எறக்கத்துல, டீசல் மிச்சம் புடிக்கறேன்னு லாரிக்காரனுங்க நியூட்ரல்ல உருட்டீட்டு வருவானுங்க. பாதி எறக்கத்துல லைனிங் கருகற வாசம் வரும். அதுக்குப் பொறவு பெடல மிதிச்சா மிதிக்கலாம், வண்டி கேக்காது. எந்தக் கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்றது இதுக்குத்தான், பாதிச் சொமைய இஞ்சினு தாங்கிக்கும். உன்ற சைக்கிள்ல இஞ்சினு எங்க இருக்குது? உருட்டுனா உருண்டுக்கிட்டே இருக்கும். எல்லாச் சொமையும் அந்த ரெண்டு மெல்லிசுத் தகட்டு மேலதான்.

கொல்லிமலைக்குப் போறேன்னயில்ல? 70 கொண்டை ஊசி வளைவு. மேல இருந்து காரவள்ளி அடிவாரம் வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட 1,000 மீட்டர் எறங்கற. நீயும் சைக்கிளும் சேந்து 70 கிலோன்னு வெச்சுக்க. அந்த எறக்கத்துல வெளிவர்ற சக்தி 700 கிலோஜூல் பக்கம். ரெண்டு லிட்டருக்கு மேல பச்சத்தண்ணிய கொதிக்க வெக்கறதுக்கு அது போதும். காத்து ஒரு பங்கத் தின்னுக்கும், ஆனா பயந்து பயந்து மெதுவா எறங்கறவனுக்குக் காத்து தின்னுக்கற பங்கு கொறைஞ்சுபோகும், மிச்சமெல்லாம் பிரேக்கோட தலையில. தைரியசாலிய விடப் பயந்தாங்கொள்ளிதான் பிரேக்கக் கருக்கறவன்.

இப்ப உன்ற சினேகிதன் ஒருத்தன் வருவானே, கல்யாணத்துக்குப் போனா ரெண்டாவது பந்தியிலயும் உக்காருவானே, அவன் 95 கிலோ. வண்டியோட 110. அவனுக்குக் கணக்குப் போட்டா மூணரை லிட்டர் தண்ணி கொதிக்கும். அவன் என்ன போட்டிருக்கறான்? ரெண்டு பக்கமும் 160. கடையில வந்தபடியே வெச்சிருக்கறான். பெருசு வேண்டியவன் சின்னத வெச்சுக்கிட்டு நிம்மதியாச் சுத்தறான், சின்னது போதுமானவன் பெருசு வேணும்னு தூக்கமில்லாமக் கெடக்கறான். அவனுக்குச் சொல்லு, முன்னாடி 203, பின்னாடி 180. நாலு பிஸ்டன் காலிப்பர் இருந்தா இன்னும் உத்தமம்.

சூடு தலைக்கேறுனா என்னாகும்? மொதல்ல பேடு மேல கண்ணாடியாட்டப் பளபளப்பு ஏறிக்கும், வழுக்கும். கீச்சுன்னு கத்தும். இன்னும் போனா உள்ள இருக்கற ஆயில் கொதிக்கும். டாட் ஆயிலு வருசக்கணக்குல ஈரத்தக் குடிச்சுக் குடிச்சுக் கொதிநிலை எறங்கிக் கெடக்கும். மினரல் ஆயிலு ஈரத்தக் குடிக்காது, ஆனா உள்ள தண்ணி பூந்தா அது தனியாப் போயி காலிப்பர்ல தங்கி, 100 டிகிரியிலயே ஆவியாகும். ரெண்டுல எது நடந்தாலும் லீவரு வந்து கைப்பிடிய முட்டும். அப்ப மலை மேல கோயில்ல இருக்கற அரப்பளீஸ்வரரக் கூப்புட வேண்டியதுதான்.

அதுனால வளைவுக்கு முந்தியே அழுத்திப் புடிச்சு வேகத்தக் கொறச்சுப்போட்டு விட்டுரு. எறக்கம் பூரா லீவரத் தடவிக்கிட்டே வராத. முன் பிரேக்கப் புடிச்சா குப்புற விழுவோம்னு பின்னாடிய மட்டுமே புடிக்கற பழக்கத்தையும் விடு. புடிக்கறப்ப எடை முன்னாடிதான் சாயுது, நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பெரிய தகடு முன்னாடி போடறதும் அதுக்குத்தான். நடுவுல நின்னு ஆற விடு. தகடு சுடுதான்னு தொட்டுப் பாக்காத, விரலு பொத்துப்போகும். ஆறுன பொறவும் தொடாத, கை எண்ணெய் பட்டா பேடு கெட்டுப்போகும்.

வாங்கப் போறதுக்கு முந்தி ஒரு சோலி இருக்குது. ஃபோர்க்கும் ஃபிரேமும் எத்தன மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும்னு கம்பெனிக்காரன் எழுதியே குடுத்திருப்பான். இலேசான ஃபோர்க்கு நெறைய 180 வரைக்கும்தான். அதுக்கு மேல போட்டா அந்த இழுப்பு மொத்தமும் ஃபோர்க்கோட எடது கால்ல எறங்கும். முறிஞ்சா வாரண்டியும் இல்ல, பல்லும் இல்ல. பின்னாடி பெரிய தகடு ஃபிரேமுல உரசவும் செய்யும்.

தகடு 20 மில்லிமீட்டர் பெருசானா காலிப்பர் 10 மில்லிமீட்டர் தள்ளி உக்காரோணும், அதுக்கு அடாப்டரு வேணும். 200க்கான அடாப்டர்ல 203ஐ மாட்டி, மூணு மில்லிமீட்டர்தானேன்னு விட்டுராத. ஒண்ணரை மில்லிமீட்டர் வாஷரு வெக்காட்டி பேடு ஒழுங்கா உக்காராது. ஹப்புல ஆறு போல்ட்டா, சென்டர்லாக்கான்னும் பாத்துக்க. கடைக்காரன் குடுக்கறது ரெண்டுல எதுன்னு அவனுக்கே தெரியாது, டப்பாவத் தொறந்துதான் பாப்பான்.

வெல கொறைஞ்ச சிமானோ தகட்டு மேல 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு இங்கிலீசுல குத்தியிருக்கும். படிச்சவன்தானே, படி. அதுல மெட்டல் பேடப் போட்டா தகடு சீக்கிரம் தேஞ்சுபோகும். புதுசுல 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5க்கு எறங்குனா தூக்கி எறிஞ்சிரோணும். புதுத் தகடு, புதுப் பேடு போட்டதும் நேரா மலைக்குக் கெளம்பாத. சமதரையில வேகமெடுத்து, புடிச்சு, விட்டுன்னு இருபது முப்பது தடவ பழக்கு. சக்கரம் பூட்டற அளவுக்குப் புடிக்காத.

முன்னாடி 180, பின்னாடி 160. உனக்கு அதுபோதும். 203க்கு எடுத்து வெச்சிருந்த காசுல மிச்சமாறதுக்கு நல்ல பேடு ரெண்டு செட்டு வாங்கி வெய்யி. அந்த 95 கிலோக்காரன மலைக்குக் கெளம்பறதுக்கு முந்தி ஒருக்கா எங்கிட்டக் கூட்டீட்டு வா.