தொட்டிலுக்கு எதுக்குய்யா ரிமோட்டு?

எய்யா, உன் பிள்ளை காலையில இருந்து எத்தனை தடவ ஒண்ணுக்குப் போச்சுன்னு உன் போனு சொல்லுதாமே? மெய்தானா? பால் குடிச்சது எத்தனை மணிக்கு, இடது பக்கமா வலது பக்கமா, தூங்கினது எத்தனை நிமிசம், எல்லாத்தையும் அதுல கட்டம் கட்டிக் கோடு போட்டு வச்சிருக்கியாம். நல்லதுடே. உங்க ஆச்சி எட்டுப் பெத்தா. ஒண்ணுக்காவது கணக்கு எழுதுனாளா? பிள்ளை அழுதா பால் குடுப்பா. குடிச்சும் அழுதா துணியைத் தொட்டுப் பாப்பா. துணி காஞ்சு கெடந்தா வயித்தைத் தடவிப் பாப்பா. அதுக்கும் அடங்கலன்னா தூக்கி என் மடியில போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவா. அத்தோட அவ விசாரணை முடிஞ்சுது.

அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப தொட்டிலைப் பாத்தேன். தானா ஆடுது, தானா பாடுது, ரிமோட்டு வேற. பிள்ளை மட்டும் தரையில கெடந்து கத்துது. ஏண்டேன்னா, கரண்டு இல்லங்கே. உத்தரத்துல ஒரு கயிறு, நடுவுல ஒரு தொட்டில் கம்பு, துவைச்சுத் துவைச்சு நஞ்சு போன நூல் சேலை ஒண்ணு. இதுக்குக் கரண்டு வேணுமா? அந்தச் சேலையில உங்க ஆச்சி வேர்வை வாசம் இருக்கும். பிள்ளை அதை மோந்துக்கிட்டே கண்ணை மூடும். உன் ரிமோட்டுக்கு என்ன வாசம்? ராத்திரிப் பூராவும் தொட்டில்ல போடாத, சமமா விரிச்ச படுக்கையில மல்லாக்கப் போடுன்னு டாக்டரம்மா சொன்னா அதையும் கேட்டுக்க. அவ படிச்சவ.

உடனே, 'தாத்தா பழைய காலமே சொர்க்கம்ங்காரு'ன்னு நெனச்சிராத. அப்படிச் சொல்லுதவன் எவனையும் நம்பாத. 1971-ல இந்தியாவுல ஆயிரம் பிள்ளை பொறந்தா 129 பிள்ளை ஒரு வயசு முடியுமுன்ன போய்ச் சேந்துச்சு. 2020-ல அது 28. நம்ம தமிழ்நாட்டுல 13. எப்படிக் கொறஞ்சுது? வசம்பு கட்டுனதுனாலயா? தெருத் தெருவா நடந்து வந்து ஊசி போட்ட நர்சம்மாவால. ஆரம்ப சுகாதார நிலையத்துல வச்சுப் பிள்ளை பெத்ததால. அதனால ஊசித் தேதியை மட்டும் உன் போனு ஞாபகப்படுத்தட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்கல.

நாங்களும் கூத்தடிச்சவங்கதான் கேட்டியா. பிறந்த பிள்ளை நாக்குல சீனித்தண்ணி தொட்டு வைக்கதுக்கு ஊர்ல நல்ல குணம் உள்ள ஆளு யாருன்னு தேடுவாங்க. ஆளைத் தேடி முடிக்கதுக்குள்ள பிள்ளை பசியில நீலம் பாரிச்சிரும். பெறகு இந்தக் கழுதைப்பால். இன்னமும் தெருவுல கழுதையைப் பத்திக்கிட்டு வாரான், ஒரு சங்கு இம்புட்டு ரூவான்னு கூவுதான், காரு வச்சிருக்கவனும் எறங்கி வாங்குதான். குடிச்சா பிள்ளைக்குக் கொரலு நல்லா வருமாம். அப்பம் கழுதைக்குட்டியில்லா மொதல்ல பாடணும்? ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர சொட்டுத் தண்ணி வேண்டாங்காங்க டாக்டருமாரு. கழுதைக்கு அது எப்பவோ தெரியும். அது தன் குட்டிக்குத் தன் பாலைத்தான் குடுக்குது.

வெள்ளைக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? இந்தக் கிரைப் வாட்டர் இருக்கே, 1851-ல இங்கிலாந்துல நாட்டிங்காம்ங்கிற ஊர்ல உட்வர்டுன்னு ஒருத்தன் கண்டுபிடிச்சது. அப்பம் அதுல சாராயம் கலந்திருந்துச்சு. பெறகுதான் எடுத்தாங்க. ஊத்துனா பிள்ளை சத்தமில்லாமக் கெடந்துச்சாம். ஏன் கெடக்காது? நம்ம ஊர்லதான் குடிச்சவன் சும்மா கெடக்க மாட்டான்.

சரி, சோத்துக்கு வருவோம். ஒரு வாய் இட்லிக்கு ஒரு பாட்டு, அடுத்த வாய்க்கு ஒரு கார்ட்டூனு. போனை எடுத்தா வாயை மூடிருது, காட்டுனா தெறக்குது. பிள்ளை சாப்பிடுதா, போனு சாப்பிடுதா? ரெண்டு வயசு ஆவுத வரைக்கும் திரையே காட்டாத, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2019-ல சொல்லிட்டு. நாங்க நிலாவைக் காட்டுனோம். அதுவும் ஏமாத்துதான், இல்லங்கல. ஆனா நிலா, சோறு தீந்த பெறகு 'இன்னொண்ணு பாக்கியா?'ன்னு கேக்காது. மாசத்துல ஒரு நாள் லீவு வேற போட்டுரும். அன்னிக்குத் தெரு நாயைக் காட்டுவோம். அந்த நாய்க்கும் ஒரு வாய் கெடச்சிரும்.

மொத பொறந்தநாளுக்கு மண்டபம் பிடிச்சியே, அதைச் சொல்லவா வேண்டாமா? சொல்லுதேன். காடு 'தீமு'ன்னு பிளாஸ்டிக்குல சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி. பிள்ளைக்குப் புலி வேசம். சித்திரை வெயில்ல அந்த மொத்தத் துணிக்குள்ள அது என்னத்தப் பண்ணும்? பலூன் வெடிச்சுது, அலறிட்டு. போட்டோக்காரன் 'சிரி சிரி'ங்கான். உங்க அத்தை, மாமா, ஆபீசு ஆளுவ எல்லாம் சிரிச்சாங்க. புலி மட்டும் சிரிக்கல. பெறகு கேக்கை வெட்டி மூஞ்சியில அப்புனீங்க. இது யாருக்குய்யா பொறந்தநாளு?

நம்ம காதுகுத்துல மட்டும் அலம்பல் கொறைச்சலாக்கும்? தாய்மாமன் தட்டுத் தட்டா சீர் வரிசை கொண்டாந்து மேளத்தோட நின்னா, அதுல பாதி வட்டிக்கு வாங்குனது. எத்தனை தட்டுன்னு எண்ணுதுக்குன்னே ரெண்டு கெழவி வாசல்ல உக்காந்திருப்பா. மொய்யை மைக்குல வாசிச்சு அஞ்சு ரூவாக்காரன் மானத்தை வாங்குனதும் நாமதான். இருந்தாலும் ஒண்ணு. காது குத்தும்போது பிள்ளை மாமன் மடியில இருந்து அழும். மாமன் கண்ணும் கலங்கும். உன் மண்டபத்துல பிள்ளை யார் மடியில இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லு.

இப்பம் பள்ளிக்கூடம். ரெண்டரை வயசுல சேக்கணும்ங்கே. அங்கன என்ன சொல்லிக் குடுப்பாங்கன்னேன். 'சென்சரி பிளே'ன்னான் உன் சின்ன மச்சான். என்னடே அதுன்னா, ஒரு தட்டுல அரிசி, ஒரு தட்டுல மண்ணு, ஒரு வாளித் தண்ணி. பிள்ளை கையை விட்டு அளையணுமாம். அதுக்கு வருசத்துக்கு ஃபீசு! அதே பிள்ளை நம்ம வீட்டு அரிசிப் பானைக்குள்ள கையை விட்டா முதுகுல ஒண்ணு வைக்கியே, அதுக்கு யாருக்கு ஃபீசு கட்ட?

தாய்தகப்பனுக்கு இன்டர்வியூ வேற வைக்காங்களாமே? நீயும் உன் பொஞ்சாதியும் ராத்திரி முழிச்சிருந்து படிச்சீங்களாம். 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டம், சேக்கைக்குப் பிள்ளையையோ தாய்தகப்பனையோ சலிச்சு எடுக்கக் கூடாதுங்குது. மீறுனா மொதத் தடவைக்கு 25,000 ரூவா வரைக்கும் அபராதம். ஆனா அந்தச் சட்டம் பேசுதது 6 வயசுல இருந்து 14 வயசுப் பிள்ளைகளைப் பத்தி. அதனாலதான் மூணு வயசுலயே புடிச்சு உக்கார வச்சிருதான் போல. வெவரமானவன்.

எங்க காலத்துப் பரீட்சை என்ன தெரியுமா? வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைத் தொடணும். தொட்டா பாஸு. தொடலன்னா அடுத்த வருசம் வா. பொறந்த தேதி கேட்டா எவனுக்குத் தெரியும்? வாத்தியாரே ஜூன் மாசத்துல ஒரு தேதியைப் போட்டு எழுதிருவாரு. அதனாலதான் நம்ம ஊர்ல பாதிக் கெழவனுக்கு ஜூன்ல பொறந்தநாளு. எங்க ஆத்தாமாருக எல்லாரும் பேசி வச்சா பெத்தாளுக?

உன் தெரு முக்குல பால்வாடி இருக்கு. 1975-ல ஆரம்பிச்ச திட்டம். சோறு போடுதாங்க, முட்டை போடுதாங்க, பாட்டுச் சொல்லிக் குடுக்காங்க. அங்க விட்டா என்னடேன்னா, மொகத்தைச் சுளிக்கே. பிள்ளைக்குப் பிடிக்கலையா, உன் ஆபீசு ஆளுவளுக்குப் பிடிக்கலையா?

இதெல்லாம் போகட்டும். உன் பொஞ்சாதியைப் பாத்தியா? அந்தப் பிள்ளை மொகத்தைப் பாத்தா எனக்கே என்னமோ பண்ணுது. உங்க ஆச்சிக்கு மாமியா ஒருத்தி, நாத்தனா ரெண்டு பேரு, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. ஆளுக்கு ஒரு நேரம் பிள்ளையை வாங்கிக்கிடுவா. சண்டையும் போடுவாளுக, பிள்ளையையும் பாத்துக்கிடுவாளுக. உன் பொஞ்சாதிக்கு நாலாவது மாடியில யாரு இருக்கா? ஒரு போனு. அது கணக்குச் சொல்லும். பிள்ளையை வாங்கிக்கிடுமா? அவ பல்லு வெளக்கவே பதினோரு மணி ஆவுது. அதை உன் போனுல எந்தக் கட்டத்துல எழுதுதே?

மத்திய சர்க்கார் உத்தியோகத்துல அப்பனுக்கு 15 நாள் லீவு உண்டாம். உனக்கும் கம்பெனியில குடுத்தாங்கல்லா? என்ன பண்ணுனே? பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம்ல கணக்குத் தொடங்குனே. மிச்ச நேரம் தூங்குனே. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை அழுதா நீ தூங்குத மாதிரியே கெடக்கியாம். குறட்டை மட்டும் கொஞ்சம் கூடுதலா வருதாம். எலேய், அந்த வித்தையை இந்த வீட்டுல மொதல்ல ஆடுனவன் எவன்னு நெனச்சே?

உங்க ஆச்சி அதுக்கு ஒரு வைத்தியம் வச்சிருந்தா. ஒண்ணும் பேச மாட்டா. பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சு மேல கவுத்துப் போட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருவா. பிள்ளை ரெண்டு கையாலயும் மீசையைப் புடிச்சு இழுக்கும். குறட்டை எங்கன இருந்து வரும்?

இந்த வைத்தியத்தை உன் பொஞ்சாதிகிட்ட நான் இன்னும் சொல்லல. காலையில காப்பித்தண்ணி கொண்டாருவால்லா, அப்பம் சொல்லலாம்னு இருக்கேன்.